சேறு வளர்ப்போர்: கொட்டிவாக்கத்துக்கு மேற்கே ஒரு வரலாறு

கொட்டிவாக்கத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கிழக்கு நோக்கி அமர்ந்தே எழுதுகிறார்கள். கடல், மீனவர் குப்பம், கரையேறி முட்டையிட வரும் பங்குனி ஆமை, கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தபின் முளைத்த மாளிகைகள் என்று அந்தப் பக்கம் எழுதுவதற்கு எவ்வளவோ உண்டு. இக்கட்டுரை மேற்கு நோக்கியது. கடற்கரைச் சாலைக்கு முதுகு காட்டி நடந்தால் முதலில் பக்கிங்காம் கால்வாய் குறுக்கிடும். அதைத் தாண்டினால் பழைய மகாபலிபுரம் சாலை, பெருங்குடி, அதற்கப்பால் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம். சதுப்பின் விளிம்பில், நகரத்தின் குப்பைமேட்டுக்கு அண்டையில், பெருங்குடி கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. தென்சென்னையின் கழிவுநீர் வந்து சேரும் இடம் அது. ஆலந்தூருக்கான பிரிவையும் சேர்த்து நாளொன்றுக்கு 12.6 கோடி லிட்டரைக் கையாளுமளவு அங்கே கொள்ளளவு உண்டு.

அந்த நிலையத்தைப் பற்றியும், அதில் வேலைக்குச் சேரும் கடைநிலை ஆபரேட்டரைப் பற்றியும் வரலாற்றுக் கட்டுரை எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர்கள் கேட்கலாம். ஒரு நகரம் தண்ணீர் கொண்டுவந்த கதைக்குக் கல்வெட்டு உண்டு, திறப்பு விழா உண்டு, ஆளுநர் பெயர் உண்டு. அதே தண்ணீர் வீட்டைவிட்டு வெளியேறிய பிறகு என்ன ஆயிற்று என்ற கதைக்கு இவை எதுவும் கிடையாது. வந்த தண்ணீர் அத்தனையும் போயாக வேண்டுமே! போன வழியையும் யாரேனும் சொல்லத்தானே வேண்டும்.

சென்னைக்குத் தண்ணீர் வந்த வரலாறு நன்றாகத் தெரிந்ததே. 1772இல் கோட்டைக்காக வெட்டப்பட்ட கிணறுகள், இன்றும் ஏழுகிணறு என்று பெயர் சொல்லும் பேட்டை. 1872இல் சோழவரம், செங்குன்றம் ஏரிகளிலிருந்து வாய்க்கால் வழியே வந்த நீர். 1914இல் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம். இவற்றுக்கு இணையான வடிகால் கதை எப்போதும் முப்பது நாற்பது ஆண்டுகள் பின்தங்கியே நடந்தது. இந்தியாவிலிருந்த ஆங்கிலப் படைகளின் சுகாதாரநிலை பற்றிய அரச ஆணையத்தின் அறிக்கை 1863இல் வெளிவந்தது. போரில் இறந்தோரைக் காட்டிலும் காலராவிலும் சீதபேதியிலும் இறந்த சிப்பாய்களே மிகுதி என்பது அதன் சாரம். அதன் விளைவாக மூன்று மாகாணங்களிலும் சுகாதார ஆணையங்கள் தோன்றின. 1865இல் கேப்டன் ஹெக்டர் டல்லாக் என்ற பொறியாளர் சென்னை நகருக்கு முழுமையான வடிகால் திட்டம் ஒன்றை வரைந்து கொடுத்தார். திட்டம் காகிதத்திலேயே நெடுங்காலம் இளைப்பாறியது.

காரணம் பணம் மட்டுமன்று, தரையும்தான். சென்னை பாய் விரித்தாற்போல் தட்டையான ஊர். கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம்தான் பெரும்பகுதி. சாக்கடை தானே ஓட வேண்டுமென்றால் குழாய் சரிந்துகொண்டே போக வேண்டும். சற்றுத் தொலைவு சரிந்ததுமே அது நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடும். எனவே வழியெங்கும் கிணறுபோல் ஆழத் தோண்டி, அங்கே சேரும் கழிவை மேலேற்றி, மீண்டும் ஓடவிட வேண்டும். இன்றும் சென்னைக் கழிவுநீர் ஒரே மூச்சில் சுத்திகரிப்பு நிலையத்தை அடைவதில்லை. நீரேற்று நிலையம், அடுத்த நீரேற்று நிலையம் என்று ஏறி இறங்கியே போகிறது. இதன் இன்னொரு விளைவு பின்னால் வரும்.

1890களில் கருப்பர் நகரம் என்று அழைக்கப்பட்ட இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதியில் வேலை தொடங்கியது. கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்குக் காரணமாயிருந்த ஜே.டபிள்யூ. மேட்லி என்ற பொறியாளரே வடிகாலையும் ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். தியாகராய நகர் மேட்லி சாலை அவர் பெயரில்தான் இருக்கிறது. 1910இல் வகுக்கப்பட்ட திட்டம், ஐம்பதாண்டு முன்னோக்கி, 1961இல் நகரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணக்கிட்டது. அன்று நகரின் மக்கள்தொகை ஐந்து லட்சத்துச் சொச்சம். 1901க்கும் 1911க்கும் இடையே அது அசையவே இல்லை என்பதால் மேட்லியின் காலத்தவரைக் குறை சொல்ல இயலாது. ஆனால் 1941 கணக்கெடுப்பிலேயே 7.77 லட்சம் ஆகிவிட்டது. 1961இல் 17.29 லட்சம். ஆறு பேருக்குத் தைத்த சட்டையைப் பதினேழு பேர் போட்டுக்கொண்டார்கள்.

இத்தனைக்கும் இது குழாய் போட்ட தெருக்களின் கதை. குழாய் போகாத தெருக்களில் எடுப்புக் கக்கூஸ் இருந்தது. விடிவதற்கு முன் வந்து, பின்வாசல் வழியே எடுத்து, தலையில் சுமந்தோ வண்டியில் இழுத்தோ கொண்டுபோனவர்கள் இருந்தார்கள். சென்னையில் அவர்களுள் பெரும்பகுதியினர் ஆந்திரப் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய, தெலுங்கு பேசும் தாழ்த்தப்பட்ட சாதியினர். தமிழ்ப் பகுதியிலிருந்து அதே வேலைக்கு வெளியே போனவர்களும் உண்டு. தகழியின் ‘தோட்டியின் மகன்’ நாவலைச் சுந்தர ராமசாமியின் தமிழில் படித்தவர்களுக்கு அது நினைவிருக்கும். ஆலப்புழையில் மூன்று தலைமுறைத் தோட்டிகள். தன் மகன் மட்டும் தோட்டியாகக் கூடாது என்று பாடுபடும் ஒரு தகப்பன். நான் இக்கட்டுரையில் தொடர விரும்பும் கேள்வியை அந்தத் தகப்பன் 1947இலேயே கேட்டுவிட்டான். குழாயும் இயந்திரமும் வந்தபிறகு அந்த வேலை சாதித்தொழிலிலிருந்து விடுபட்டு வெறும் தொழிலாக ஆயிற்றா?

இதற்கு விடை தேடுமுன் மான்செஸ்டருக்கு ஒருமுறை போய்வர வேண்டியிருக்கிறது.

கழிவுநீரை என்ன செய்வது என்ற கேள்விக்கு 19ஆம் நூற்றாண்டு கண்ட பெருவிடை, நிலத்தில் பாய்ச்சு என்பதே. மண் வடிகட்டும், பயிர் உண்ணும், மீதி ஊறிப்போகும். நம்மூரிலும் கழிவுநீர்ப் பண்ணைகள் இருந்தன. மதுரை அவனியாபுரத்தில் கழிவுநீர் பாய்ச்சிப் புல் வளர்த்து மாட்டுக்கு விற்றார்கள். நகரம் பெருகப் பெருகப் பண்ணைக்கு நிலம் போதவில்லை. குறைந்த இடத்தில், குறைந்த நேரத்தில் மண்ணின் வேலையைத் தொட்டிக்குள் செய்ய முடியுமா என்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் முயன்றுகொண்டிருந்தார்கள்.

மான்செஸ்டர் மாநகராட்சிக்கு ஆலோசகராயிருந்த வேதியியலாளர் கில்பர்ட் ஃபவுலர் 1912இல் அமெரிக்கா சென்றபோது மாசசூசெட்ஸின் லாரன்ஸ் ஆய்வு நிலையத்தில் கழிவுநீருக்குள் காற்றைச் செலுத்தும் சோதனையைப் பார்த்தார். திரும்பி வந்து, டேவிஹூல்ம் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்த எட்வர்ட் ஆர்டன், வில்லியம் லாக்கெட் என்ற இருவரிடம் அதைச் சொன்னார். அவர்கள் கழிவுநீரைப் புட்டிகளில் ஊற்றிக் காற்றைக் குமிழியிட்டார்கள். நீர் முழுதும் தெளிய ஏறத்தாழ ஐந்து வாரம் ஆயிற்று. இது யாருக்கும் உதவாத வேகம். இங்கேதான் அவர்கள் வேறு யாரும் செய்யாத ஒன்றைச் செய்தார்கள். தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கிய பழுப்புநிறச் சேற்றைக் கொட்டாமல் அப்படியே வைத்து, அதன்மேல் புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். இரண்டாம் முறை குறைந்த நாளே பிடித்தது. மூன்றாம் முறை இன்னும் குறைந்தது. சேறு சேரச் சேர நேரம் சுருங்கி, இறுதியில் 24 மணி நேரத்துக்குள் வந்து நின்றது.

தோசைமாவுக்குப் பழைய மாவில் ஒரு கரண்டி விட்டுவைக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, தயிருக்கு உறை ஊற்றத் தெரிந்தவர்களுக்கு, இதில் விளக்க ஒன்றுமில்லை. அந்தச் சேறு அழுக்கன்று, உயிர். கோடானுகோடி நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்ட பஞ்சு. கழிவைத் தின்று அது வளர்கிறது. 1914 ஏப்ரல் 3ஆம் நாள் மான்செஸ்டரில் ஆர்டனும் லாக்கெட்டும் இதைக் கட்டுரையாக வாசித்தார்கள். தூண்டப்பட்ட சேறு என்று அதற்குப் பெயரிட்டார்கள். இன்று உலகின் பெருநகரங்களில் மிகுதியாக வழங்கும் முறை அதுவே. பெருங்குடியிலும் நெசப்பாக்கத்திலும் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் நடப்பது அதுவே.

இந்தக் கதையில் நமக்கு ஒரு சிறப்புப் பங்கு உண்டு. பலரும் இதைச் சொல்வதில்லை. யோசனையைத் தொடங்கிவைத்த ஃபவுலர், சில ஆண்டுகளில் இங்கிலாந்தைவிட்டுப் பெங்களூர் வந்து இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியரானார். கழிவில் இருக்கும் நைட்ரஜன் மண்ணிலிருந்து வந்தது, மண்ணுக்கே திரும்ப வேண்டும் என்பது அவருக்குப் பற்றாகவே இருந்தது. வெப்ப நாட்டில் இந்த முறை எப்படி நடக்கும் என்ற கேள்வியை ஆராயத் தொடங்கியவர்களுள் அவரும் அவர் மாணவர்களும் முன்னோடிகள்.

அந்தக் கேள்வி சாதாரணமானதன்று. நம் வெயிலில் நுண்ணுயிர் வேகமாகத் தின்னும். இது நன்மை. ஆனால் சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 10 பாகை வெப்பத்தில் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் கரைவது, 30 பாகையில் 7.5 அளவோடு நின்றுவிடும். பசி அதிகம், மூச்சு குறைவு. ஆகவே சென்னையில் ஊதிகள் ஓய்வின்றி ஓட வேண்டும். மின்வெட்டு வந்தால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2008 தொடங்கிச் சில ஆண்டுகள் தமிழகம் இருட்டில் இருந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். காற்று நின்ற தொட்டியில் சேறு கறுக்கத் தொடங்கும்.

இப்போது ஆபரேட்டரிடம் வரலாம்.

ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ முடித்த ஓர் இளைஞன், பெரும்பாலும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் வழியே, ஷிப்ட் முறையில் சேருகிறான் என்று வைத்துக்கொள்வோம். நிலையத்தின் வாயிலில் முதலில் கம்பிச் சல்லடைகள். துணி, பிளாஸ்டிக், நாப்கின், தலைமுடி, சில நாள் பூஜை மாலைகள், சில நாள் சொல்ல விரும்பாதவை என்று நகரம் கழிவறையில் போடக் கூடாதவை அனைத்தும் அங்கே சிக்கும். அடுத்து மணல் படியும் தொட்டி. கடற்கரை ஊராதலால் நமக்கு மணலுக்குப் பஞ்சமில்லை. அது போகவிட்டால் பம்புகளைத் தின்றுவிடும். பிறகு முதல் தெளிதொட்டி, காற்றூட்டும் தொட்டி, இரண்டாம் தெளிதொட்டி. படிந்த சேற்றில் ஒரு பகுதி மீண்டும் காற்றூட்டும் தொட்டிக்கே உறையாகத் திரும்பும். மிகுதி செரிப்பானுக்குப் போகும். அங்கே காற்றில்லாமல் புளித்து வாயு தரும். சென்னை நதிப் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் 2005, 2006இல் திறக்கப்பட்ட நான்கு நிலையங்கள், கொடுங்கையூரில் 11 கோடி லிட்டர், கோயம்பேட்டில் 6 கோடி, பெருங்குடியில் 5.4 கோடி, நெசப்பாக்கத்தில் 4 கோடி, அந்த வாயுவில் எஞ்சின் ஓட்டித் தம் மின்சாரத்தில் பெரும்பங்கைத் தாமே உண்டாக்கிக்கொள்ளும்படி அமைந்தவை. இதற்கும் இந்திய முன்னோடி உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பம்பாய் மாதுங்காவில் தொழுநோயாளர் இல்லத்தின் கழிவிலிருந்து வாயு எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இயந்திரங்களை விவரிப்பது எளிது. அவற்றை ஓட்டுபவன் கற்பது என்ன? நான் விசாரித்தவரையில், இந்தத் தொழிலின் சாரம் பொத்தான்களில் இல்லை, ஒரு லிட்டர் கண்ணாடிக் குடுவையில் இருக்கிறது. காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் முகந்து குடுவையில் ஊற்றி, அரை மணி நேரம் அசைக்காமல் வைத்து, சேறு எந்தக் கோடுவரை படிந்தது என்று பார்க்கிறான். முதல் சில நிமிடங்களில் பஞ்சு திரண்டு, மேலே நீர் தெளிந்து, 250 மில்லி அருகே நின்றால் நல்லது. படியாமல் மிதந்துகொண்டே இருந்தால் நூல்போன்ற உயிரிகள் மிகுந்துவிட்டன என்று பொருள். கல்போல் விரைந்து விழுந்து மேல்நீர் கலங்கியே இருந்தால் சேறு கிழடுதட்டிவிட்டது. தொட்டியின்மேல் வெள்ளை நுரை எழுந்தால் சேறு இளசு. பழுப்பாய், எண்ணெய்ப் பிசுக்காய் நுரை படர்ந்தால் வேறு கோளாறு. டிகாக்‌ஷன் நிறமும் மழை பெய்த மண்வாசனையும் இருந்தால் எல்லாம் நலம். ஆம், நன்றாக நடக்கும் காற்றூட்டும் தொட்டி நாறாது. இதை நேரில் போய் முகர்ந்த பிறகுதான் பலர் நம்புகிறார்கள்.

இதன்படி எவ்வளவு சேற்றைத் திருப்புவது, எவ்வளவைக் கழிப்பது, எவ்வளவு காற்று விடுவது என்று முடிவாகிறது. அதிகமாகக் கழித்துவிட்டால் பழைய நிலைக்குச் சேறு வளர நாட்கள் ஆகும். தவறு இன்று செய்தால் பலன் அடுத்த வாரம் தெரியும். உழவனுக்கும் மாடு வளர்ப்பவனுக்கும் இருக்கும் வகையான அறிவு இது. பயிர் பேசாது, முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆய்வகத்தில் பி.ஓ.டி. என்று எல்லோரும் சொல்லும் உயிர்வேதி ஆக்சிஜன் தேவையை அளக்க, நம் நாட்டு முறையில் 27 பாகையில் 3 நாள் ஆகும். அந்த எண் வருவதற்குள் அந்த நீர் கடலுக்கே போயிருக்கும். அந்த மூன்று நாளும் நிலையத்தைக் காப்பது கடைநிலை ஊழியனின் கண்ணும் மூக்கும்தான்.

பி.ஓ.டி. பற்றி ஒரு சிறு வழிவிலகல். தூய்மையின் அளவாக உலகெங்கும் வழங்கிய 20, 30 என்ற எண்கள் பிரிட்டனின் அரச ஆணையம் 1912இல் தந்தவை. லிட்டருக்கு 20 மில்லிகிராம் பி.ஓ.டி., 30 மில்லிகிராம் மிதக்கும் திண்மம். அந்த எண்களோடு ஒரு நிபந்தனையும் இருந்தது. அவற்றை ஏற்கும் ஆற்றில் குறைந்தது எட்டு மடங்கு தூய நீர் ஓட வேண்டும். எண்கள் கப்பலேறி வந்தன, நிபந்தனை லண்டனிலேயே தங்கிவிட்டது. கூவத்திலும் அடையாற்றிலும் சித்திரையில் எட்டு மடங்கு நீருக்கு எங்கே போவது? கோடையில் அவற்றில் ஓடுவதே நகரத்தின் கழிவுதான். 2017இல் பெருநகரங்களுக்கு 20 என்று மத்திய அரசு விதித்ததும், 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 10 ஆக்கச் சொன்னதும் ஏதோ பேராசை என்று பொறியாளர்கள் சிலர் முணுமுணுப்பதுண்டு. ஆறே இல்லாத ஊரில் ஆற்றுக்கான அளவுகோல் பொருந்தாது என்பதே என் கருத்து.

பக்கிங்காம் கால்வாயும் ஆறன்று. 1877, 78 பஞ்சத்தில் கூலிக்கு ஆள் வைத்து வெட்டிய கால்வாய் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தது. ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் பெற்றது. தோணிகள் போய்க்கொண்டிருந்த அந்த நீர்வழி 1960களின் புயல்களுக்குப் பிறகு நலிந்து, பெருநகரத்தின் பின்வாசல் சாக்கடையாக மாறியது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையின் வேகத்தை ஓரளவு தாங்கிக்கொண்டது இந்தக் கால்வாய்தான் என்று ஆய்வாளர்கள் எழுதியபோது, நகரம் ஒரு வாரம் அதை அன்போடு நினைத்தது. பிறகு மறுபடியும் மறந்தது.

கொட்டிவாக்கத்துக்கே இதில் ஒரு முரண் உண்டு. கூப்பிடு தூரத்தில் பெரிய நிலையம் இருந்தும், 2011இல் மாநகராட்சியோடு இணையும்வரை தனி ஊராட்சியாயிருந்த இவ்வூருக்குப் பாதாளச் சாக்கடை இல்லை. வீட்டுக்கொரு செப்டிக் டேங்க். சென்னைக் குடிநீர் வாரியம் 1978இல் அமைந்தது. ஆனால் வாரியத்தின் குழாய் நகர எல்லையில் நின்றது. திருவான்மியூரிலிருந்து முட்டுக்காடு நோக்கி நீளும் மணல்திட்டு ஒரு நல்ல நீர்த்தொட்டி. மழைநீரைக் கடற்பஞ்சுபோல் உறிஞ்சி வைத்திருக்கும். அந்த மணலிலேயே கிணறு, அந்த மணலிலேயே செப்டிக் டேங்க். களிமண்ணாயிருந்தால் கழிவு மெல்ல ஊறும். மணலில் அது தடையின்றி இறங்கும். நிறைந்த தொட்டியை உறிஞ்ச லாரி வரும். அந்த லாரிகள் இரவில் எங்கே கவிழ்ந்தன என்பது கால்வாய்க்கும் சதுப்புக்கும் தெரியும். மலக்கசடு மேலாண்மைக்கென்று தமிழக அரசு வழிகாட்டு நெறிகளை வகுத்ததே 2014இல்தான். (மூடிய வடிகாலுக்குச் ‘சுருங்கை’ என்ற தனிச்சொல்லைக் காப்பிய காலத்திலேயே வைத்திருந்த மொழி நம்முடையது. சொல் இருந்தால் குழாய் வந்துவிடுமா என்ன!)

பக்கத்து ஆலந்தூர் இதற்கு நேர்மாறு. 1996இல் நகர்மன்றத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆர்.எஸ். பாரதி, வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கேட்டு வீதிவீதியாகப் போனார். குழாயே போடாத திட்டத்துக்கு மக்கள் பணம் கட்டினார்கள். இந்திய நகராட்சி ஒன்று தனியார் பங்கேற்போடு நிறைவேற்றிய முதல் கழிவுநீர்த் திட்டம் என்று அது பாடப்புத்தகங்களில் ஏறியது. 1.2 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள அதன் சுத்திகரிப்பு நிலையம் 2003இல் பெருங்குடியில் இயங்கத் தொடங்கியது. ஆலந்தூர்க் கழிவு கொட்டிவாக்கத்தின் அண்டையில் சுத்தமானது. கொட்டிவாக்கத்துக் கழிவு மணலில் இறங்கியது.

இனி அந்தத் தகப்பனின் கேள்விக்கு வருகிறேன்.

சுத்திகரிப்பு நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரிடம் யாரும் சாதி கேட்பதில்லை. டிப்ளமோ கேட்கிறார்கள். பல சாதியினரும் அங்கே வருகிறார்கள். வீட்டில் ‘கம்பெனி வேலை’ என்று சொல்லிக்கொள்கிறார்கள். கழிவைக் கையாளும் வேலை தொழில்நுட்பமாக மாறிய இடம் அது, ஐயமில்லை. ஆனால் நிலையத்தின் வாயிலுக்கு, அந்தக் கம்பிச் சல்லடைக்கு வந்து பாருங்கள். சிக்கியதை வாரியெடுத்துத் தள்ளுவண்டியில் ஏற்றுபவர் யார்? இன்னும் சற்று வெளியே, தெருவில், அடைத்துக்கொண்ட ஆளிறங்கு குழியருகே நிற்பவர் யார்? பழைய பெயர்கள், பழைய தெருக்கள். நீர் சல்லடையைத் தாண்டியபின் அது அறிவியல். தாண்டுவதற்கு முன் அது சாதி. ஒரே குழாய்தான், நடுவில் ஓர் எல்லைக்கோடு.

சட்டத்தின் வரலாறு இந்த எல்லைக்கோட்டின் மேலேயே நடந்திருக்கிறது. 1993இல் வந்த சட்டம் எடுப்புக் கக்கூஸைத் தடை செய்தது. பாதாளச் சாக்கடைக்குள் இறங்குவதைப் பற்றி வாய் திறக்கவில்லை. சென்னை உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குகள் நடந்தன. 2013 சட்டம்தான் காப்புச் சாதனங்களின்றிச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளிறக்குவதைக் குற்றமாக்கியது. 1993 முதல் இறந்தவர்களின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் தர வேண்டுமென்று உச்சநீதிமன்றம் 2014 மார்ச்சில் ஆணையிட்டது; 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. நாடாளுமன்றத்தில் தரப்பட்ட கணக்குகளில் இத்தகைய சாவுகளில் தமிழகமே முதலிடத்தில் நின்றது. எண்ணிக்கை 200க்கு மேல். திவ்யபாரதியின் ‘கக்கூஸ்’ ஆவணப்படம் 2017இல் வந்தபோது கொஞ்சநாள் பேசினோம்.

ஏன் இவ்வளவு சாவு? முன்பு சொன்ன தட்டைத் தரைக்குத் திரும்ப வேண்டும். சரிவு குறைந்த குழாயில் கழிவு மெல்ல ஊர்கிறது, நீரேற்று நிலையக் கிணறுகளில் காத்திருக்கிறது, நம் வெப்பத்தில் காற்றின்றிப் புளிக்கிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு எழுகிறது. காங்கிரீட்டையே அரிக்கும் அந்த வாயு குழியின் அடியில் தேங்கி நிற்கும். தட்டையும் வெம்மையும் சேர்ந்த ஊர்களில் பாதாளச் சாக்கடை என்பது பாதி நச்சுவாயுக் கிடங்கு.

சல்லடைக்கு உள்ளே இருப்பவர்களும் தப்பியவர்கள் அல்லர். 2006க்குப் பிறகு, 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கட்டாயமாயிற்று. அதோடு சொந்தச் சுத்திகரிப்பு நிலையமும் வந்தது. பழைய மகாபலிபுரம் சாலையின் இருமருங்கிலும் அடுக்ககங்களின் அடித்தளத்தில், கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில், ஜன்னலில்லாத அறைகளில் இன்று சிறுசிறு நிலையங்கள் ஓடுகின்றன. பெருங்குடியின் தொட்டிகள் வானம் பார்த்தவை, இவை நிலவறைகள். அங்கே இரவு ஷிப்டில் பெரும்பாலும் ஒரே ஆள். வேறு மாவட்டத்திலிருந்தோ, வேறு மாநிலத்திலிருந்தோ வந்த பையன். ஆய்வகம் இல்லை, மூத்த ஆபரேட்டர் இல்லை. குடியிருப்போர் சங்கத்துக்கு இரண்டே அக்கறைகள்: மின்கட்டணம் குறைய வேண்டும், நாற்றம் வரக் கூடாது. மின்கட்டணம் குறைய ஊதியை நிறுத்தச் சொல்வார்கள். ஊதி நின்றால் நாற்றம் வரும். இரண்டுக்கும் திட்டு வாங்குபவன் அவனே. சேறு அடைத்தால் தொட்டிக்குள் எட்டிப் பார்ப்பவனும் அவனே.

அவனுக்கு முதல் நாளே சொல்லித்தர வேண்டிய பாடம் ஒன்று உண்டு. ஹைட்ரஜன் சல்ஃபைடு மிகக் குறைந்த அளவிலேயே அழுகிய முட்டையாய் நாறும். பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை நெருங்கும்போது மூக்கின் நரம்பு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. அதற்கு மேல் சில மூச்சுகளே போதும். எனவே நாற்றம் அடித்துக்கொண்டிருந்து திடீரென்று நின்றுபோனால், தொட்டி சுத்தமாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது. வெளியே ஓட வேண்டும். கீழே ஒருவர் விழுந்து கிடந்தாலும் தனியாக இறங்கக் கூடாது. ஒருவர் பின் ஒருவராக இரண்டு மூன்று பேர் இறந்த செய்திகளில் பின்னவர்கள் எல்லோரும் காப்பாற்றப் போனவர்களே. இறங்குமுன் காற்றை அளக்கும் கருவி, உள்ளே காற்றை ஊதும் விசிறி, இடுப்பில் கயிறு, மேலே அந்தக் கயிற்றைப் பிடிக்க இன்னொருவர். இவற்றுள் கயிற்றைப் பிடிக்கும் அந்த இன்னொருவருக்குத்தான், இரவு ஷிப்டில், சம்பளம் ஒதுக்கப்படுவதில்லை.